பாராலிம்பிக் முடிவுகள் காப்பகம்: இந்திய வரலாற்றைத் தேடுவோருக்கு ஒரு மதிப்புரை

பன்னாட்டு பாராலிம்பிக் குழு தன் இணையதளத்தில் கட்டணம் ஏதுமின்றித் திறந்து வைத்திருக்கும் முடிவுகள் காப்பகம், 1960-ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த முதல் போட்டியிலிருந்து தொடங்கி, எந்த ஆண்டில், எந்த விளையாட்டில், எந்தப் பிரிவில் (வீரர்களின் உடற்குறைபாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட வகை) யார் பதக்கம் பெற்றார் என்பதைத் தேடிப் பார்க்க வழி செய்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான பன்னாட்டு விளையாட்டுகளில் இந்தியா கடந்து வந்த பாதையை அறிய விரும்பும் ஒரு தமிழ் வாசகருக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். வென்றவர் யார் என்று கேட்டால் இதைவிட நம்பத்தக்க விடை வேறெங்கும் கிடைப்பது கடினம். ஆனால் இந்தியாவின் பாராலிம்பிக் வரலாற்றில் பெரும்பகுதி வெற்றிடங்களாகவே இருக்கிறது. அந்த வெற்றிடங்களுக்குக் காரணம் கேட்டால் காப்பகம் வாய் திறப்பதில்லை. இதை அறிந்துகொண்டு நுழைபவருக்கே இது முழுப் பயன் தரும்.

முதலில் எண்களைப் பார்ப்போம். பாரிஸ் 2024 முடிய இந்தியா பெற்ற பதக்கங்களைப் போட்டி வாரியாகக் கூட்டினால் 16 தங்கம், 21 வெள்ளி, 23 வெண்கலம் என 60 வருகிறது. 1968-இல் டெல் அவிவ் நகரில் முதன்முதலாகக் கலந்துகொண்டது முதல் 2012 லண்டன் வரையிலான 44 ஆண்டுகளில் கிடைத்தவை எட்டு மட்டுமே. ரியோவில் நான்கு, டோக்கியோவில் 19, பாரிஸில் 29 என மற்ற 52 பதக்கங்களும் மூன்றே போட்டிகளில் வந்து சேர்ந்தன. இந்த ஏற்றத்தை மெச்சுவதோடு நின்றுவிடாமல், அனுப்பப்பட்ட வீரர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. ரியோவுக்குச் சென்றவர்கள் 19 பேர், டோக்கியோவுக்கு 54 பேர், பாரிஸுக்கு 84 பேர். ரியோவில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒரு பதக்கம் என்றிருந்த விகிதம் டோக்கியோவில் மூன்று பேருக்கு ஒன்று என உயர்ந்தது. பாரிஸிலும் அது அப்படியேதான் இருந்தது. அதாவது டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் இடையிலான வளர்ச்சியில் பெரும்பங்கு அணி பெரிதானதால் விளைந்தது என்றே நான் கருதுகிறேன். இப்படிக் கணக்கிட்டுப் பார்க்க இடம் கொடுப்பதுதான் காப்பகத்தின் முதல் சிறப்பு; கணக்கைப் போடும் வேலை மட்டும் நம்முடையது.

பழைய பக்கங்களுக்குள் செல்வோம். 1972-ஆம் ஆண்டுப் போட்டி, ஒலிம்பிக் நடந்த மியூனிக்கில் இடம் கிடைக்காமல் ஹைடல்பெர்க் நகரில் நடத்தப்பட்டது. அந்தப் பக்கத்தில் ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல், மூன்றாம் பிரிவு என்ற தலைப்பின் கீழே முர்லிகாந்த் பெட்கரின் பெயர் இருக்கிறது. இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான், 37.33 வினாடி என்ற அவருடைய நேரம் அன்றைய உலக சாதனை. 1965 போரில் குண்டடிபட்ட இந்திய இராணுவ வீரர் இவர் என்பதும், குத்துச்சண்டை வீரராக இருந்தவர் காயத்துக்குப் பிறகு நீச்சலுக்கு வந்தார் என்பதும், டெல் அவிவில் மேசைப்பந்து ஆடியவர் என்பதும், பத்மஸ்ரீ விருது 2018-இல்தான் அவரை வந்தடைந்தது என்பதும் ஒரு முடிவுப் பட்டியலில் இருக்க நியாயமில்லை. ஆனாலும் நாட்டின் முதல் தங்கத்தைத் தேடி வருபவர் ஒற்றை வரியோடு திரும்ப நேர்வது உறுத்தத்தான் செய்கிறது. பன்னாட்டு பாராலிம்பிக் குழு 1989-இல்தான் தோன்றியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய போட்டிகள் வேறு அமைப்புகளின் பொறுப்பில் நடந்தவை. அவற்றின் முடிவுகளைப் பின்னாளில் ஓரிடத்தில் சேர்த்திருப்பதே பெரிய காரியம்.

ஹைடல்பெர்க் தங்கத்துக்கு அடுத்து வரும் இரண்டு போட்டிகளிலும் இந்தியாவின் பெயரைக் காண முடியாது. 1976-இலும் 1980-இலும் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. பிறகு 1984. சக்கர நாற்காலி வீரர்களுக்கான பகுதியை நடத்துவதாக இருந்த இல்லினாய் பல்கலைக்கழகம் விலகிக்கொண்டதால், அந்த ஆண்டுப் போட்டி நியூயார்க்கிலும் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லிலுமாக இரண்டாகப் பிரிந்து நடந்தது. இந்தியா அங்கே பெற்ற நான்கு பதக்கங்களையும் இரண்டே பேர் வென்றனர். ஜோகிந்தர் சிங் பேடி குண்டு எறிதலில் வெள்ளியும், வட்டு எறிதலிலும் ஈட்டி எறிதலிலும் வெண்கலமும் பெற்றார்; பீம்ராவ் கேசர்கர் ஈட்டி எறிதலில் வெள்ளி பெற்றார். எல்6 பிரிவு ஈட்டி எறிதலின் பக்கத்தைத் திறந்தால் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நேராக இரு இந்தியப் பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே பதக்க மேடையில் இரண்டு இந்தியர்கள் என்ற செய்தி 2016-இல் நாடெங்கும் கொண்டாடப்பட்டபோது, 32 ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்திருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? இதுபோன்ற மறந்துபோன தருணங்களை எடுத்துக் கொடுப்பதில் இந்தக் காப்பகத்துக்கு இணையில்லை.

காப்பகத்தின் பெரிய குறையும் இதே இடத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு நாட்டுக்குப் பதக்கம் இல்லாமல் போவதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் உண்டு. நாடு கலந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம். கலந்துகொண்டும் வெல்லாமல் போயிருக்கலாம். வெல்லக்கூடியவர் இருந்தும் அவருடைய போட்டி நிகழ்ச்சிநிரலில் இல்லாமல் போயிருக்கலாம். பதக்கப் பட்டியலில் இவை அனைத்தும் ஒரே வெறுமையாகவே தெரியும். தேவேந்திர ஜஜாரியாவின் கணக்கு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2004 ஏதென்ஸில் ஈட்டியை 62.15 மீட்டர் எறிந்து உலக சாதனையுடன் தங்கம் வென்றவர், 2016 ரியோவில் 63.97 மீட்டர் எறிந்து தன் சாதனையைத் தானே முறியடித்து மீண்டும் தங்கம் வென்றார். நடுவில் பெய்ஜிங்கும் லண்டனும் இருக்கின்றன. இரண்டிலும் அவர் பெயர் இல்லை. விவரம் அறியாதவர் அவர் தளர்ந்து மீண்டார் என்றோ ஓய்வு பெற்றுத் திரும்பினார் என்றோ எண்ணக்கூடும். உண்மையில் கைக் குறைபாடு உள்ளோருக்கான அவருடைய எஃப்46 பிரிவின் ஈட்டி எறிதல் அந்த இரு போட்டிகளிலும் நடத்தப்படவே இல்லை. டோக்கியோவில் 64.35 மீட்டர் எறிந்து வெள்ளி பெற்ற அவர், இன்று இந்திய பாராலிம்பிக் குழுவின் தலைவராக இருக்கிறார். ஒரு வீரரின் உச்சப் பருவத்தில் 12 ஆண்டுகள் வெற்றுப் பக்கமாகக் கிடப்பதற்கு ஒரு வரிக் குறிப்பாவது சேர்த்திருந்தால் இந்தச் சேவையின் மதிப்பு பல மடங்கு கூடியிருக்கும்.

பிரிவுக் குறியீடுகளும் புதியவரைத் திணற வைப்பவை. டி என்பது ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும், எஃப் என்பது எறிதலுக்கும் உரியது. பின்வரும் எண் குறைபாட்டின் வகையையும் அளவையும் சுட்டுகிறது. இந்த முறையும் காலத்துக்கேற்ப மாறி வந்திருக்கிறது. 2012-இல் கர்நாடகத்தைச் சேர்ந்த கிரிஷா நாகராஜேகவுடா 1.74 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்ற, கால் குறைபாடு உள்ளோருக்கான உயரம் தாண்டுதல் எஃப்42 என்று பதிவாகியிருக்கிறது. 2016-இல் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், வருண் சிங் பாட்டி 1.86 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றது டி42. டோக்கியோவில் மாரியப்பன் வெள்ளியும் சரத் குமார் வெண்கலமும், பாரிஸில் சரத் குமார் வெள்ளியும் மாரியப்பன் வெண்கலமும் பெற்றது டி63. குறியீட்டைப் பிடித்துக்கொண்டு தேடுபவருக்கு மூன்று தனித்தனிப் போட்டிகள் போலத் தோன்றும் இவற்றை ஒரே நூலில் கோத்துப் பார்த்தால், அடுத்தடுத்த நான்கு பாராலிம்பிக்கில் ஏறக்குறைய ஒரே வகைப் போட்டியிலிருந்து இந்தியா ஏழு பதக்கங்களை எடுத்திருக்கிறது என்பது விளங்கும். மொத்தம் 60-இல் ஏழு என்பது சிறிய பங்கல்ல. என் கணிப்பில் நாட்டின் நெடுங்காலப் பாராலிம்பிக் வரலாற்றில் தொடர்ச்சி என்று சொல்லத்தக்கவை ஈட்டியும் உயரம் தாண்டுதலும்தான். இந்தத் தொடர்ச்சியைக் காட்டும் வசதி காப்பகத்தில் இல்லை. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கையால் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

புதிதாகச் சேர்க்கப்பட்ட விளையாட்டுகளைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் இல்லை. இறகுப்பந்து டோக்கியோவில்தான் பாராலிம்பிக்கில் நுழைந்தது. அங்கே நான்கு, பாரிஸில் ஐந்து என இரண்டே போட்டிகளில் இந்தியா ஒன்பது பதக்கங்களை அள்ளியிருக்கிறது. பாரிஸில் கைக் குறைபாடு உள்ளோருக்கான மகளிர் எஸ்யூ5 பிரிவில் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும், உயரம் குறைந்தோருக்கான எஸ்எச்6 பிரிவில் நித்ய ஸ்ரீ சிவன் வெண்கலமும் வென்றதைத் தமிழ்நாட்டில் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். மூவரின் ஆட்ட முடிவுகளும் தெளிவாகக் கிடைக்கின்றன. தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது தந்தை பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் அமர்ந்திருக்கும் என்பதால் இரண்டு பெயரையும் போட்டுப் பார்ப்பது நல்லது. மகளிர் வரலாறு எவ்வளவு அண்மையானது என்பதும் இந்தப் பக்கங்களிலிருந்து புலப்படுகிறது: 2016-இல் தீபா மாலிக் குண்டு எறிதலில் 4.61 மீட்டருக்குப் பெற்ற வெள்ளிதான் இந்தியப் பெண் ஒருவரின் முதல் பாராலிம்பிக் பதக்கம். முதல் தங்கம் டோக்கியோவில் துப்பாக்கி சுடுதலில் அவனி லேகராவுக்குக் கிடைத்தது, அதை அவர் பாரிஸிலும் தக்கவைத்துக்கொண்டார்.

காப்பகம் காட்டுவது இறுதி முடிவு என்பதையும் மறக்கக்கூடாது. பாரிஸில் உயரம் குறைந்தோருக்கான எஃப்41 ஈட்டி எறிதலில் 47.32 மீட்டர் எறிந்த நவ்தீப் சிங், போட்டி முடிந்தபோது இரண்டாம் இடத்தில்தான் இருந்தார். முதலிடம் பெற்ற ஈரான் வீரர் தகுதி நீக்கம் செய்யப்பட்ட பின்னரே தங்கம் இவருக்கு வந்தது. அந்தப் பரபரப்பு முழுவதும் பட்டியலில் ஒரு வரியாக அடங்கிவிடுகிறது. இதற்கு மாற்றாக அதே அமைப்பு யூடியூபில் நடத்தும் காணொளித் தடத்தைக் கூடவே பயன்படுத்தலாம். அண்மைக் காலப் போட்டிகள் பலவற்றை அங்கே இலவசமாகக் காண முடியும். பெட்கர் காலத்துப் போட்டிகளை அங்கே எதிர்பார்க்கக்கூடாது.

நிர்வாக வரலாறு இந்தச் சேவையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 2015-இல் பன்னாட்டுக் குழு இந்திய பாராலிம்பிக் குழுவை இடைநீக்கம் செய்ததும், ரியோவுக்கு முன் அத்தடை விலக்கப்பட்டதும் முடிவுகளில் எங்கும் நிழலாடவில்லை. அடுத்த ஆண்டே அந்த அணி இரண்டு தங்கம் உட்பட நான்கு பதக்கங்களோடு திரும்பியது என்பதை அறிந்தவருக்கு ரியோ பக்கம் வேறு விதமாகப் படும். பயிற்சிக்கு அரசு நிதி வந்த விதம், பதக்க வாய்ப்புள்ள வீரர்களுக்கு நிதியுதவி தர ஒன்றிய அரசு 2014-இல் தொடங்கிய டாப்ஸ் திட்டத்தில் பாரா வீரர்கள் சேர்க்கப்பட்டது போன்றவற்றுக்கெல்லாம் நாளிதழ்களின் பழைய இதழ்களைத்தான் நாட வேண்டும்.

தளம் ஆங்கிலத்தில் இயங்குகிறது; தமிழில் இல்லை. எண்களும் பெயர்களுமே மிகுதி என்பதால் பள்ளி மாணவர்கூட ஓரளவு சமாளித்துவிடலாம். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்துவதாக இருந்தால், பிரிவுக் குறியீடுகளைத் தமிழில் விளக்கும் ஒரு தாளை முன்கூட்டியே தயாரித்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் செய்தி எழுதுபவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சமூக ஊடகங்களில் சுற்றிவரும் தவறான பதக்க எண்ணிக்கைகளை ஒரு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தேடுவதற்கு முன் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் இந்தியா பெற்ற 111 பதக்கங்களைப் பாராலிம்பிக் கணக்கில் தேடிப் பயனில்லை. அது ஆசிய அளவிலான தனிப் போட்டி. செவித்திறன் குறைந்தோருக்கான டெஃப்லிம்பிக்ஸும் வேறொரு பன்னாட்டு அமைப்பின் கீழ் நடப்பது. 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த அப்போட்டியில் இறகுப்பந்தில் மூன்று தங்கம் வென்ற மதுரை ஜெர்லின் அனிகாவின் பெயர் பாராலிம்பிக் காப்பகத்தில் அகப்படாததற்குக் காரணம் அதுதான்; அவருடைய முடிவுகளுக்கு டெஃப்லிம்பிக்ஸ் தளத்தைத் திறக்க வேண்டும்.