சீசன் டிக்கெட் எடுக்கலாமா? நெப்ராஸ்கா டிஃபென்ஸோடு 11 சீசன்

போன வாரம் மச்சானிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வரி. மகளை லிங்கனில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சேர்த்திருக்கிறார். "மாப்ள, இந்த அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு சீசன் டிக்கெட் எடுக்கலாமா? நீங்கதான் வருஷக்கணக்கா பாக்குறீங்களே." 'எடுக்காதீங்க' என்று அடித்தேன், அழித்தேன். 'எடுங்க' என்று அடித்தேன், அதையும் அழித்தேன். பிறகு இந்த 2025 ஜூலையில் உட்கார்ந்து எழுதியதுதான் இது. மச்சானுக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

அடிப்படை விவரங்களெல்லாம் தெரிந்ததுதான். 5 தேசியப் பட்டங்கள், கடைசியாக வந்தது 1997-ல். மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை. ஆட்ட நாளில் அந்தக் கட்டடம் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊராகிவிடும். இதையெல்லாம் ஒமாஹாவில் கால் வைத்த முதல் மாதமே யாராவது உங்கள் காதில் போட்டுவிடுவார்கள். நான் சொல்லவந்தது டிஃபென்ஸைப் பற்றி மட்டும், எதிரணியை முன்னேறவிடாமல் மறிக்கிற அந்தப் பதினொரு பேரைப் பற்றி.

இங்கே டிஃபென்ஸுக்குப் பெயர் 'பிளாக்‌ஷர்ட்ஸ்'. கருஞ்சட்டை என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு வேறு நினைவுதான் வரும், எனக்கும் வந்தது. இது 1964 கதை. பயிற்சியில் டிஃபென்ஸ் ஆட்களைப் பிரித்துக்காட்ட வேறு நிறச் சட்டை வேண்டுமென்று உதவிப் பயிற்சியாளர் ஒருவர் கடைக்குப் போனார். கறுப்பு விலைபோகாமல் கிடந்ததால் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவந்தார் என்பார்கள். தள்ளுபடி விலைச் சட்டை குலப்பெருமை ஆகிவிட்டது. முதல் பதினொருவரில் இடம் பிடித்தவனுக்குத்தான் அந்தச் சட்டை.

நான் வந்து சேர்ந்த 2014 நவம்பரில் அந்தப் பெருமை எப்படி இருந்தது என்றால், விஸ்கான்சின் அணியின் மெல்வின் கார்டன் நமக்கு எதிராக மூன்றே குவார்ட்டரில் பந்தோடு 408 யார்டு ஓடினான். 25 முறைதான் பந்து வாங்கினான். ஒரே ஆட்டத்தில் ஓடிய தூரத்துக்கு 1999 முதல் நின்ற தேசிய சாதனை அன்று நம் தோளில் ஏறி உடைந்தது. (அடுத்த வாரமே ஓக்லஹோமாவின் ஒரு பையன் 427 ஓடி அதையும் முறியடித்தான். எங்கள் அவமானத்துக்குக்கூட ஒரு வாரத்துக்கு மேல் ஆயுள் இல்லை.) அலுவலக நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். விதி முழுதாகத் தெரியாத எனக்கே, பனியில் ஓடும் அந்த ஆளைத் தொடக்கூட நாதியில்லை என்பது புரிந்தது. நண்பரின் அப்பா மட்டும் அமைதியாக எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். எழவு வீட்டில் மூத்தவர்கள் நிற்பார்களே, அப்படி. அந்த நிமிடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மாதக் கடைசியில் தலைமைப் பயிற்சியாளர் போ பெலினியை அனுப்பிவிட்டார்கள். 7 சீசனில் ஒன்றில்கூட 9 வெற்றிக்குக் கீழே போகாத மனிதர். 9 போதாது என்றார்கள். 2003-ல் பழைய பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சுக்கும் இதேதான் நடந்தது. போதாது என்று சொன்ன வாய்கள் 2016-க்கும் 2024-க்கும் இடையே 6 வெற்றிக்காக, அது இருந்தால் சீசன் முடிவில் கிடைக்கும் ஏதாவது ஒரு பௌல் ஆட்டத்துக்காக, ஏங்கிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறது, மறைக்கவில்லை.

சரி, என் ஒரே எரிச்சலுக்கு வருகிறேன்.

11 வருஷமாக எந்தக் கூடத்தில் உட்கார்ந்தாலும் இரண்டு கட்சி. ஒன்று ஸ்கீம் கட்சி: "நம்ம திட்டமே தப்பு, 3-4 போட்டதால்தான் ஓடுறான், 4-3-க்குத் திரும்பு." (முதல் எண் முன்வரிசையில் நிற்பவர்கள், இரண்டாவது அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள்.) இன்னொன்று ஆள் கட்சி: "திட்டம் எதுவா இருந்தா என்ன, அந்த உடம்பு நம்மகிட்ட இல்லை. ரெக்ரூட்டிங் பண்ணு, நல்ல ஆளா எடு." முடிவெட்டுகிற இடத்தில், கார் சர்வீஸில், ஒருமுறை பல் மருத்துவர் நாற்காலியில் வாய் திறந்தபடி. எனக்கு பதில் சொல்ல வழியில்லை, அவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். ஆள் கட்சிக்காரர்.

இரண்டும் ஒரே நோயின் இரண்டு பெயர் என்பது என் கட்சி. 2016 வரை டிஃபென்ஸ் பயிற்சியாளர் மார்க் பேங்கர் ஆடவைத்தது நான்கு பேர் முன்னால் நிற்கிற 4-3. 2017-ல் அவர் இடத்துக்கு பாப் டியாக்கோ வந்து 3-4-க்கு மாற்றினார். நான்கு பேர் வரிசைக்காகச் சேர்த்த பையன் கையைத் தரையில் ஊன்றி, 120 கிலோ உடம்போடு முட்டத்தான் பழகியவன். அவனைப் பிடித்து, "நீ இனி எழுந்து நில், தேவைப்பட்டால் பின்னால் ஓடி பாஸையும் மறி" என்றால்? நடுவில் நிற்பவன் பாடு இன்னும் மோசம். 3-4-ல் அவன் ஒருவனே இரண்டு ஆட்களைத் தாங்கவேண்டும். அப்படி ஒரு மலை நம்மிடம் இருந்ததா? அந்த வருஷத்தின் கடைசி மூன்று வாரம் எதிரணிகளிடம் நாம் வாங்கிய புள்ளிகள் 54, 56, 56. டியாக்கோ ஒரே சீசனில் போனார். தலைமைப் பயிற்சியாளர் மைக் ரைலியும் போனார்.

தலைமைப் பயிற்சியாளராக ஊர்ப்பிள்ளை ஸ்காட் ஃபிராஸ்ட் வந்தார், டிஃபென்ஸுக்கு எரிக் சினாண்டர் வந்தார், பாணி மாறியது. 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்ன் என்ற சின்ன அணி நம் சொந்த மண்ணில் 642 யார்டு எடுத்து 45-42 ஜெயித்தபோது ஃபிராஸ்ட்டுக்கு மறுநாளே சீட்டுக் கிழிந்தது. அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தரவேண்டிய 1.5 கோடி டாலர் பாதியாகியிருக்கும். பொறுக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஓக்லஹோமா 49 போட்டதும் சினாண்டரும் போனார். 2023-ல் தலைமைக்கு மேட் ரூல், அவரோடு டிஃபென்ஸுக்கு டோனி வைட், அவரோடு 3-3-5. முன்னால் மூவர், நடுவில் மூவர், பின்னால் ஐவர்.

பதினெட்டு வயதில் சேர்கிற பையன் எடை ஏறி, கால் உறுதிப்பட்டு, ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று வருஷம் ஆகும். அவன் பழுக்கிற நேரத்தில் அவனைத் தேர்ந்தெடுத்தவர் ஊரில் இருக்கமாட்டார். புது ஆள் வந்து, "இந்த அளவு எனக்கு ஒத்துவராது" என்பார். மாப்பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, துணி மோசம் என்று ஒருத்தரும் தையல் மோசம் என்று ஒருத்தரும் அடித்துக்கொள்கிறார்கள்.

நியாயத்துக்கு ஒன்றும் சொல்லவேண்டும். இந்த மாநிலத்தில் ஆளெடுப்பது லேசில்லை. மொத்த ஜனத்தொகையே 20 லட்சம்தான். பழைய காலத்தில் டெக்சாஸ் போய் ஆள் பிடிப்பார்கள். பழைய பிக் 12 லீகில் டெக்சாஸ் அணிகளோடு ஆட்டம் இருந்ததால், "உங்க அம்மா நேரில் வந்து பார்க்கலாம்" என்று சொல்ல முடிந்தது. 2011-ல் பிக் டென் லீகுக்குத் தாவியதும் அந்த வார்த்தை செத்தது. அப்புறம் அணி மாற விரும்பும் பையன்கள் பெயர் பதிகிற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-லிருந்து ஒருமுறை ஓர் அணியை விட்டு இன்னொன்றுக்கு ஒரு வருஷம் காத்திருக்காமலே போகலாம் என்றானது. அதே வருஷம் பையன்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் வழி திறந்தது. இப்போது கல்லூரியே நேரடியாகக் காசு கொடுக்கலாம் என்று வந்துவிட்டது. அதோடு ஒட்டிவந்த, அணிக்கு 105 பேர்தான் என்ற வரம்புதான் எனக்கு வலிக்கிறது. உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்தபடி அணியில் உழைக்கும் வாக்-ஆன் பையன்கள்தான் இந்த ஊரின் சொத்து. லிங்கன் உள்ளூர்ப் பையன் லூக் ரைமர் அப்படி வந்துதான் கருஞ்சட்டை போட்டான். இனி அந்த வாசல் குறுகும்.

இப்போது எதிர்பாராத சந்தோஷம். 2023-ல் இந்த 3-3-5 வந்தபோது ஸ்கீம் கட்சி மொத்தமும் சிரித்தது. பாஸ் வீசுகிற அணிகளுக்குச் சரி, நவம்பர் குளிரில் ஐயோவாவும் விஸ்கான்சினும் முட்டிக்கொண்டு வரும்போது மூன்று பேரை வைத்து என்ன செய்வாய்? நானும் சிரித்தேன். நடந்தது நேர்மாறு. முன்னால் மூவர்தான் என்பதால், பாய்ந்து வரப்போகும் நான்காமவன் யாரென்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. கபடியில் பாடி வருபவனுக்கு எந்த மூலையிலிருந்து கால் பிடி விழும் என்று தெரியாதே, அந்தத் திகில். நடுவில் நேஷ் ஹட்மாக்கர், தெற்கு டகோட்டாவில் மல்யுத்தம் பழகிய பனிக்கரடி. பக்கத்தில் டை ராபின்சன். இருவரும் ஃபிராஸ்ட் காலத்தில் வேறு திட்டத்துக்காக எடுக்கப்பட்டவர்கள், கவனியுங்கள். என் வாதத்தை என் கண்ணெதிரேயே உடைத்தார்கள். வைட் சட்டையை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைத்திருந்தார். எதிரணி ஓட முடியாமல் திணறியதைப் பார்க்க அவ்வளவு சுகம்.

அந்த சுகத்தின் பலன்? 2023-ல் 5 வெற்றி, 3 தோல்வி என்று இருந்தோம், இன்னும் ஒரே வெற்றி போதும் பௌலுக்கு. மிச்சிகன் ஸ்டேட்டிடம் 20-17, மேரிலாண்டிடம் 13-10, விஸ்கான்சினிடம் கூடுதல் நேரத்தில் 24-17, ஐயோவாவிடம் 13-10. நான்கும் தோல்வி. டிஃபென்ஸ் உயிரைக் கொடுத்து மறிக்கும், ஆஃபென்ஸ் பந்தைக் கொண்டுபோய் எதிராளி கையில் வைத்துவிட்டு வரும். 2024-ல் ஐயோவாவிடம் திரும்ப அதே 13-10, திரும்பக் கடைசி நொடியில் அவர்கள் உதைத்த உதை. "உங்க டீம் தோத்தாச்சுல்ல, ரசம் ஆறுது, வாங்க" என்றாள் மனைவி. ஸ்கோரைக்கூடக் கேட்கவில்லை. ஐயோவா ஆட்டத் தேதி தெரிந்தால் போதும் அவளுக்கு.

ஆனாலும் அந்த 2024-ல் விஸ்கான்சினை 44-25 அடித்தோம், 7 வெற்றி, 6 தோல்வியில் முடித்தோம், நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 வென்று 2015-க்குப் பிறகு முதல் பௌல் வெற்றி பார்த்தோம். நடுவில் இந்தியானாவிடம் 56-7 வாங்கியதை இந்த வாக்கியத்தில் சேர்க்க மனம் வரவில்லை, சேர்த்துவிட்டேன்.

சட்டை ஒருவழியாக உடம்பில் உட்கார்ந்ததா? டோனி வைட் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். ஹட்மாக்கரும் ராபின்சனும் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். 2025 சீசனுக்கு ஜான் பட்லர் பொறுப்பேற்றார், பஃபலோ பில்ஸ் என்ற தொழில்முறை அணியில் பாஸைத் தடுக்கிற பின்வரிசையைப் பழக்கியவர். திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடுவில் யார் நிற்கப்போகிறார்கள்? இதோ, ஜூலை மாசமே முடிவெட்டுகிற இடத்தில் இரண்டு கட்சியும் ஆரம்பித்துவிட்டது.

மற்றவை சுருக்கமாக. கூட்டம் அருமை, எதிரணி தோற்றாலும் ஜெயித்தாலும் வெளியேறும்போது எழுந்து கைதட்டுவார்கள், அது நாம் எங்கேயும் பார்க்காதது. ரன்சா என்று மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்த பன் கிடைக்கும், குளிருக்கு அமிர்தம். முதல் ஸ்கோருக்குச் சிவப்பு பலூன் பறக்கவிடும் வழக்கத்தை ஹீலியம் தட்டுப்பாட்டால் 2022-ல் நிறுத்தினார்கள். பலூனை வைத்துக்கொண்டு முதல் ஸ்கோருக்காக மூன்றாம் குவார்ட்டர்வரை உட்கார்ந்திருக்கும் கொடுமையாவது ஒழிந்தது.

ஆக, மச்சான், எடுக்காதீங்க. ஆறேழு சனிக்கிழமையும் அவ்வளவு காசும் போட்டு ரத்தக்கொதிப்பை வாங்க வேண்டாம். பாப்பாவுக்கு மாணவர் டிக்கெட் கிடைக்கும், அது போதும். உங்களுக்குப் பார்க்க ஆசை என்றால் என்னிடம் இரண்டு இருக்கை இருக்கு, மார்ச்சிலேயே புதுப்பித்துவிட்டேன். செப்டம்பர் 6 ஆக்ரன் ஆட்டத்துக்குத் தங்கச்சியோடு போய்வாருங்கள். செப்டம்பர் 20 மிச்சிகனுக்கும் தருகிறேன், அன்றைக்கு எங்களுக்கு ஒரு வளைகாப்பு இருக்கு.

நவம்பர் 28 ஐயோவா ஆட்டத்தை மட்டும் கேட்காதீங்க.