ஏலக்காய் எடுக்கப் பழக்க எது சரி: வகுப்பா, அக்காவா, உரித்துப் பார்ப்பதா?

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலை ஜீப்பேறி கேரளத்தின் குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு வரும் புது ஆட்களைப் பழக்க மூன்று வழி நடைமுறையில் உண்டு.

வகுப்பு: சுவரில் படம், ஒரு மணி நேரப் பேச்சு, கடைசியில் டீ. செலவு குறைவு. மருந்தடிப்பில் கவனம் பற்றிச் சொல்ல இதுவே போதும். விஷத்தில் தப்பு செய்து கற்றுக்கொள்ள யாரையும் விட முடியாது. ஆனால் காய் எடுப்பு படத்தில் பிடிபடாது. ஒரே சரத்தில் பிஞ்சும் கரிங்காயும் (விதை கறுத்த, எடுக்க வேண்டிய காய்) பழமும் கலந்து நிற்கும். பிஞ்சும் கரிங்காயும் வெளியே பச்சைதான். உரித்தால்தான் விதை வெள்ளையா கறுப்பா என்று தெரியும்.

அடுத்தது, பழகிய தொழிலாளி ஒருவரைக் காட்டி, "அக்கா கூடப் போ" என்று அனுப்பிவிடுவது. கை வேகம் இப்படித்தான் வரும். அக்காவின் தப்பும் சேர்ந்தே வரும். கிலோ கணக்கில் கூலி என்றால் நின்று சொல்லிக்கொடுக்க அவருக்கு ஏது நேரம்? கேட்டால், "பார்த்தாலே தெரியும்டி" என்பார்.

மூன்றாவது, அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-இல் வகுத்த அனுபவக் கற்றல் சுற்று: செய், திரும்பிப் பார், காரணம் யோசி, மாற்றிச் செய். இந்தோனேசியாவில் 1989-இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளும் கிட்டத்தட்ட இதே போக்குதான். பலர் முதல் படியோடு நின்றுவிட்டு அனுபவப் பயிற்சி என்று பெயர் வைக்கிறார்கள். அது அக்கா வழியேதான்.

முழுச் சுற்றும் நடக்க வேண்டுமானால், முதலில் இஷ்டப்படி எடுக்க விடுங்கள். கூடையிலிருந்து இருபது காயைச் சாக்கில் கொட்டி உரிக்கச் சொல்லுங்கள். வெள்ளை விதை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். பிஞ்சு காய்ந்தால் சுருங்கும், பழம் வெடிக்கும். அதெல்லாம் ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடத்தில்) உலர்த்திய பிறகுதான் தெரியும் என்பதால், முன்பே காய்ந்த சுருங்கலையும் வெடிப்பையும் கையில் கொடுங்கள். எதை வைத்து அடையாளம் பிடிப்பது என்று அவர்களே பேசட்டும். பேச்சு தமிழில் நடக்க வேண்டும். மலையாளத்தில் கேட்டால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அப்புறம் மறுபடி எடுப்பு, மறுபடி உரிப்பு.

காய் எடுப்புக்கு என் ஓட்டு இதற்கே. வேகத்துக்கு மறுநாளிலிருந்து அக்காவிடம் விடலாம். செலவுதான் முதலாளிக்கு உறுத்தும்: அரை நாள் வேலை போகும். பயிற்சி நாளில் மட்டும் கிலோ கணக்கை விட்டு நாள் கூலி கொடுங்கள். இல்லாவிட்டால் உரித்துப் பார்க்க ஒருவரும் உட்கார மாட்டார்கள்.