வாப்பாவின் பென்ஸ் கடிகாரத்துக்கு குவார்ட்ஸ் போட்டாச்சு

எங்கள் வீட்டு 1975 பென்ஸ் 240டி வண்டியின் மீட்டர் போர்டில் இருக்கும் கடிகாரம் 11 வருஷமாக நாலேகாலிலேயே நின்றிருந்தது. போன மாசிக்குத்தான் அதற்கு விடிவு வந்தது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் உள்ளே இருந்த மிஷினைக் கழற்றிவிட்டு குவார்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடுகிற மிஷினை வைத்துக் கொடுத்தார்கள். 2,200 ரூபாய், 9 நாள்.

அது இப்படி நிற்பதற்கு முன்னாடி மதுரையில் ஒருத்தரிடம் கொடுத்து ஏமாந்த கதை தனி. சுவர்க் கடிகார மிஷினைத் தூக்கி உள்ளே வைத்து, பென்சில் செல் போட்டுக் கொடுத்தார். ஓடத்தான் செய்தது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. செல் கசிந்து டயலின் பின்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

ராமநாதபுரம் கடைக்காரர் எங்கள் காக்கா (அண்ணன்) வயசு இருப்பார். ஓரத்து ரிங்கை நெளியாமல் சுற்றிச் சுற்றி நெம்பி எடுக்கவே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். பரணில் எடுத்து வைத்திருந்த பழைய மிஷினையும் கொண்டு போயிருந்தேன். கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இது தானா சாகல தம்பி, கொன்னிருக்காங்க" என்றார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துக் கார் கடிகாரம் கரண்டில் ஓடுகிற மாதிரி தெரிந்தாலும் உள்ளே சாவிக் கடிகாரம்தான், சாவி கொடுக்கிற வேலையை மட்டும் ஒரு காயில் (கம்பிச்சுருள்) பார்க்கிறது. குட்டி ஸ்பிரிங் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தளர்ந்ததும் இரண்டு பாயிண்ட் தொட்டுக்கொள்ளும், காயில் ஒரு உதை விட்டு மறுபடி முறுக்கும், 'டக்' என்று கேட்கும். சின்ன வயசில் பின் சீட்டில் படுத்துக்கொண்டு அடுத்த டக் எப்போது என்று எண்ணியிருக்கிறேன். ஆனால் கீழக்கரையில் வண்டி ஷெட்டில் இருக்கும், ஆள் துபாயில் இருப்பார். பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும், உதைக்கத் தெம்பில்லாமல் பாயிண்ட் ஒட்டினபடியே நிற்கும், காயில் சூடேறிக்கொண்டே போகும். அதைக் காப்பாற்றத்தான் சீக்கிரம் உருகுகிற ஈயத்தால் உள்ளே ஒரு இணைப்பு வைத்திருப்பார்கள், ஃபியூஸ் மாதிரி விட்டுக்கொள்ளும். எங்கள் கடிகாரத்தில் அது ஒருமுறை விட்டபோது யாரோ சாதா ஈயத்தை வைத்துப் பற்றவைத்திருக்கிறார். அடுத்த முறை இணைப்பு உருகவில்லை, காயில் கருகிவிட்டது. பித்தளைத் தட்டு முழுக்கப் பச்சைக் களிம்பு வேறு. காயில் மாற்றிப் பாயிண்ட் தீட்டி ஓட வைக்கலாம், ஆனால் இந்த உப்புக்காத்தில் இரண்டு கச்சான் காத்துக் காலம் தாண்டாது என்றார். நானும் ஒரிஜினல் மோகத்தை விட்டேன்.

புது மிஷினுக்குத் தேவை ஒன்றரை வோல்ட். பேட்டரியின் 12 வோல்ட்டை (இன்ஜின் ஓடும்போது 14 வரை போகும்) இறக்க ஒரு சின்ன போர்டு, ஹாரன் அடிக்கும்போதும் ஸ்டார்ட் பண்ணும்போதும் வருகிற எகிறலைத் தாங்க டயோடும் கண்டென்சரும் போட்டிருக்கிறார். பழைய மிஷின் மாதிரி இல்லை, இதற்கு பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. பழைய இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் பாடியோடு சேர்ந்திருக்கும், அப்படி வண்டி வைத்திருப்பவர்கள் கடிகாரத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முள்ளின் துளை புது மிஷினுக்குச் சேரவில்லை. கடையில் கிடைக்கிற முள்ளை மாட்டிவிடாமல், நடுவில் பித்தளைக் குழல் கடைந்து சொருகிப் பழைய முள்ளையே மாட்டியிருக்கிறார். நான் கொடுத்த காசு இந்த ஒரு வேலைக்கே தகும். நொடி முள் இல்லாத டயல், அதனால் வெளியே இருந்து பார்த்தால் உள்ளே என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

குறை ஒன்று, சின்னக் குறை இல்லை. நேரம் திருப்புகிற குமிழ் இப்போது சும்மா அலங்காரம்தான். அதைப் புது மிஷினோடு கோர்க்க முடியவில்லை என்று கொடுக்கும்போதுதான் சொன்னார், முதலிலேயே சொல்லியிருக்கலாம். குவார்ட்ஸ் கிரிஸ்டல் நொடிக்கு 32,768 தடவை அதிரும் என்பது 25 டிகிரி வாக்கில்தான் சரியாக இருக்கும், சூடு ஏற ஏற மெதுவாகும். நம்ம ஊர் வெயிலில் நாலு மாசத்தில் இரண்டு நிமிஷம் பின்தங்கியிருக்கிறது. சரி பண்ண மீட்டர் போர்டையே வெளியே இழுக்க வேண்டும். இழுக்கவில்லை, இரண்டு நிமிஷம் கூட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், கடை பூட்டியிருக்கும். கருகின மிஷினைக் கேட்டு வாங்கி வந்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஏர்வாடி போகும்போது முன் சீட்டில் இருந்த உம்மா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். "ஓடுது, ஆனா சத்தத்தைக் காணோமே" என்றார்கள்.