பில்லில் 4 ஸ்கொயர், சுவருக்குள் ஒன்றரை ஸ்கொயர்

த்ரீ பேஸ் இணைப்பு வாங்கி, வீட்டுக்குள் மூன்று சிங்கிள் பேஸாகப் பிரித்துக்கொள்ளப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்குக் காசு கொடுங்கள்.

எங்கள் வீடு ஈரோட்டில். மாடிக்கு சிவப்பு பேஸ், கீழே லைட், டிவி, ஃபிரிட்ஜுக்கு மஞ்சள், கீசருக்கும் மோட்டாருக்கும் நீலம் என்று பிரித்தார்கள். மீட்டரிலிருந்து டிபி பெட்டி (கரண்ட்டை வீட்டுக்குள் பிரித்து அனுப்பும் பெட்டி) வரை பில்லில் இருந்தது நான்கு ஒயர், நான்கும் 4 ஸ்கொயர், அதாவது உள்ளிருக்கும் கம்பியின் குறுக்குவெட்டு 4 சதுர மில்லிமீட்டர். இழுக்கும்போது, மூன்று பேஸின் கரண்ட்டும் திரும்பிப் போகும் நியூட்ரல், அதாவது கறுப்பு ஒயர் மட்டும் ஒல்லியாக இருந்தது என் கண்ணில் பட்டது. கேட்டேன். "நியூட்ரல்ல கரண்ட்டே வராதுங்கண்ணா, மூணு பேஸும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும்" என்றார். பாதி உண்மை. மூன்றிலும் லோடு சமமாக இருந்தால்தான் அந்தக் கழித்தல் நடக்கும். எந்த வீட்டில் அப்படி இருக்கிறது?

ஒரு பேஸ் போனால், பேஸ் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்பி எல்லாவற்றையும் இன்னொரு பேஸில் ஓட்டுவோமே, அப்போது கழிக்க எதுவுமே இல்லை. மொத்த கரண்ட்டும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பும். கோடை முழுக்க நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். மெயின் எம்சிபி (கரண்ட் மீறினால் தானாக விழும் சுவிட்ச்) 25 ஆம்பியர் வரை விடும், கறுப்பு ஒயரோ அதைத் தாங்காத ஒன்றரை ஸ்கொயர். உள்ளே வெந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம், மூன்று பேஸும் ஒழுங்காக வந்துகொண்டிருந்த நேரம்தான், கீசரைப் போட்டேன். கூடத்து லைட் பட்டப்பகல் மாதிரி எரிந்தது. டிவியிலிருந்து புகை. மெயினை அணைப்பதற்குள் ஃபிரிட்ஜ் போர்டும், மாடியில் நான்கு பல்பும் போய்விட்டன. எம்சிபி அசையவே இல்லை. அது கரண்ட் ஏறினால் விழும், வோல்டேஜ் ஏறினால் விழாது.

"லைன்ல ஹை வோல்டேஜ் வந்திருக்கும்ங்க" என்று போனை வைத்துவிட்டார் எலக்ட்ரீஷியன். அதே கம்பத்திலிருந்து எடுக்கும் பக்கத்து வீட்டில் ஒரு பல்புகூடப் போகவில்லை. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெருப் பெரியவர் வந்து மீட்டர் பக்கம் அளந்தார்: மூன்று பேஸிலும் 230-ஐ ஒட்டித்தான். நாலைந்து பல்பை மட்டும் போட்டுவிட்டு டிபியில் அளந்தால் ஒன்றில் 110, மற்ற இரண்டிலும் 300-ஐத் தாண்டி! நியூட்ரல் அறுந்தால் இரண்டு பேஸுக்கு இடையிலுள்ள 400 வோல்ட், லோடைப் பொறுத்துப் பங்காகிவிடும். 2000 வாட் கீசரும் 100 வாட் டிவியும் மட்டும் வெவ்வேறு பேஸில் எதிரெதிரே இருந்தால் டிவிக்கு ஏறக்குறைய 380 போகும். கீசரில் தண்ணீர்கூடச் சுடாது.

சுவருக்குள் ஓர் இணைப்பு வேறு போட்டிருந்தார்கள், வெறுமனே முறுக்கி டேப் சுற்றி. கருகியது அங்கேதான்.

இப்போது நியூட்ரலும் 4 ஸ்கொயர், இடையில் இணைப்பே கிடையாது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல். வோல்டேஜ் கூடினாலோ நியூட்ரல் போனாலோ துண்டிக்கிற புரொடெக்டரும் மாட்டியாயிற்று. நீங்கள் வேலை நடக்கும்போதே பைப்புக்குள் போகும் ஒயரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துவிடுங்கள், முக்கியமாகக் கறுப்பு ஒயரில். பூசிய பிறகு யார் பார்ப்பது?

அவரிடம் ஒயர் காசையாவது திருப்பிக் கேட்டிருக்கிறேன். "நாளைக்கு வர்றேங்கண்ணா" என்றார். அது நடந்து மூன்று வாரம்.