ஊரடங்கில் பாடம்: நேரலை வகுப்பா, பதிவு செய்த வீடியோவா?

பள்ளி மூடியிருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பும் ஆசிரியர்களுக்கு:

டேட்டா: நேரலையில் எல்லோரும் கேமராவைப் போட்டால் மணிக்கு 1 ஜிபியோ அதற்கு மேலுமோ கரையலாம். 15 நிமிடப் பாடத்தை 360பி (குறைந்த தெளிவு) தரத்தில் இறக்கினால் பெரும்பாலும் 100 எம்பிக்குள் அடங்கும். பிறகு நெட்டே வேண்டாம்.

போன்: ஒரே போன், இரண்டு பிள்ளைகள் என்றால் நேரலை வகுப்புகள் மோதும். பதிவை மாலையிலும் பார்க்கலாம்.

சந்தேகம்: இதில் நேரலைதான், பேச்சே இல்லை. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும்போது கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்காமல் 35 என்று எழுதும் பிள்ளையை அங்கேயே பிடித்துவிடலாம். பதிவில் அந்தத் தப்பு நோட்டு திருத்தும்வரை தொடரும். ஆனால் 40 பேர் மைக்கைத் திறந்து வைத்தால் எதிரொலிதான் மிஞ்சும். 10 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள்.

கணக்குக்கும் வாசிப்புப் பயிற்சிக்கும் நேரலை, அரை மணிக்கு மேல் வேண்டாம். வரலாறு போன்ற விளக்கப் பாடங்களுக்கும் நெட் திணறும் வீடுகளுக்கும் பதிவு.