அரை முக ரெஸ்பிரேட்டர்: வருடக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிய வருவது

மூக்கையும் வாயையும் மூடும் சிலிக்கோன் முகப்பு, இரண்டு பக்கமும் திருகி மாட்டும், தூசித் துகளைப் பிடிக்கும் பி100 ஃபில்டர். அரை முக ரெஸ்பிரேட்டர் என்பது இதுதான். கான்கிரீட் வெட்டுவது, மரம் இழைப்பது, பெயின்ட் அடிப்பது என்று எதற்குப் போட்டாலும் நீண்ட நாள் உழைப்பில் ஃபில்டர் காலை வாருவது அபூர்வம். காலை வாருவது முகத்தோடு ஒட்டும் விளிம்பும் வெளிமூச்சு வால்வும்தான்.

அந்த வால்வு ஒரு மெல்லிய சிலிக்கோன் வட்டம். முன்மூடியைக் கழற்றினால் தெரியும். மூச்சின் ஈரத்தில் தூசி படிந்து காய்ந்தாலோ, ஒரு முடி சிக்கினாலோ சரியாக மூடாது. அப்புறம் மூச்சு இழுக்கும்போதெல்லாம் வடிகட்டாத காற்று அந்த இடுக்கு வழியே உள்ளே வரும். கான்கிரீட் வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசிக்கு வாசனையும் இல்லை, உடனே இருமலும் வராது. பாதிப்பு தெரியும்போது நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கும், அது ஆறாது. வட்டத்தின் ஓரம் சுருண்டிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை போட்டதும் வால்வைப் பொத்தி மெல்ல ஊதிப் பாருங்கள், முகப்பு லேசாக உப்பி நிற்கணும். ஃபில்டர்களைப் பொத்தி மூச்சை இழுத்தால் முகத்தோடு ஒட்டி, பத்து விநாடி அப்படியே இருக்கணும். கசிந்தால் பட்டையை இறுக்கத்தான் கை போகும். ரொம்ப இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் கசியும். முதலில் முகப்பை இடம் மாற்றி வையுங்கள். தாடியோடு போடுவது வீண், முள்தாடிகூட ஆகாது.

பி100 ஃபில்டர் துகளில் குறைந்தது 99.97% பிடிக்கும், தின்னர் ஆவியை விட்டுவிடும். அதற்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதாவது ஆவியை உறிஞ்சும் கரி அடைத்த டப்பி, மாட்டணும். அதிலுள்ள கரி, உறையைப் பிரித்த நிமிடத்திலிருந்தே உறிஞ்சும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போடாவிட்டால் அலமாரியிலேயே தீர்ந்துவிடும். வாசனை வந்ததும் மாற்றலாம் என்பது ஆபத்தான கணக்கு. ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் உள்ள பெயின்ட்டில் மூக்குக்கு எட்டும் முன்பே அளவு மீறியிருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கும், ஆக்சிஜன் குறைந்த தொட்டிக்கும் இந்தக் கருவி உதவவே உதவாது.

காசநோய்க் கிருமி போன்றவற்றைப் பி100 நன்றாகவே பிடிக்கும், போட்டிருப்பவருக்கு மட்டும். வெளிவிடும் மூச்சு வால்வு வழியே வடிகட்டாமல் போவதால் நோயாளிக்கு இதை மாட்டிவிடாதீர்கள்.

கழுவும்போது ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல். தின்னர் தொட்டுத் துடைத்தால் முகப்பு கெடும். பி100 ஃபில்டரைக் கழுவவே கூடாது. மூச்சு இழுக்கக் கனத்தால் புதிது மாட்டுங்கள்.