மெக்சிகோ சிட்டி ரோட்டுக்கடைகள்: கைடோடு போவதா, நாமே சுற்றுவதா?

மெக்சிகோ சிட்டிக்கு விடுமுறைக்குக் கிளம்பும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, ரோட்டுக்கடைகளில் சாப்பிடக் கைடு வைத்துக்கொள்ள வேண்டுமா என்பது. பழைய நகரமான சென்ட்ரோ பகுதியில் நானும் மனைவியும் இரண்டு விதமாகவும் சாப்பிட்டோம். அவர் சைவம். எனக்கு மாடும் பன்றியும் ஆகாது. எங்களைப் போன்றவர்கள் போய் இறங்கியதுமே ஒரு நாள் கைடோடு நடந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எதையும் சாப்பிடுவேன் என்பவர்களிடம் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன்.

செலவில் போட்டியே இல்லை, தனியாகச் சுற்றுவதுதான் மலிவு. கைடோடு கடை கடையாகப் போகும் மூன்று நான்கு மணி நேர நடைக்கு ஒருவர் கட்டும் பணத்தில் இரண்டு பேர் சில நாட்கள் தெருவிலேயே வயிறாரச் சாப்பிடலாம். நேரமும் நம் கையில் இருக்கும். பிடித்த கடையில் இன்னொரு தட்டு வாங்கலாம். மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் எதையாவது வைத்து மடித்துத் தருவது டாக்கோ; அதில் கம்பியில் சுட்ட பன்றி இறைச்சியைச் சீவி வைக்கும் அல் பாஸ்டர் வகை லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மாவில் பிறந்தது, 2010இல் மெக்சிகோ சமையலை யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்றது என்ற கதைகளைக் கைடு சுவையாகச் சொல்வார். அவற்றைப் படித்தும் தெரிந்துகொள்ளலாம்.

விஷயமே வேறு இடத்தில் இருக்கிறது. இதில் என்ன போட்டிருக்கிறார்கள்? அந்த ஒரு கேள்விக்குத்தான் கைடு வேண்டும்.

பார்த்தால் சுத்த சைவமாகத் தெரியும் பண்டங்களில்கூட அங்கே பன்றிக்கொழுப்பு இருக்கும். தமால் என்பது மக்காச்சோள மாவைக் கதிரின் தோலில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. உள்ளே சீஸும் மிளகாய்க் கீற்றும்தான் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் மாவைப் பிசையும்போதே கொழுப்பைச் சேர்த்து அடிப்பது பரவலான வழக்கம். மசித்த பீன்ஸை அதே கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். தக்காளிச் சாதம் மாதிரி சிவந்திருக்கும் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். சைக்கிளில் கூடை வைத்து விற்கும் டாக்கோக்களில் உருளைக்கிழங்கு வைத்ததும், பன்றித்தோல் வைத்ததும் ஒரே கூடையில் சுடச்சுட அடுக்கப்பட்டு, மேலே ஊற்றிய எண்ணெயில் ஊறிக் கிடக்கும். செல்போனில் பலகையை மொழிபெயர்த்துப் பார்க்கலாம். பலகையில் கொழுப்பை யார் எழுதி வைக்கிறார்கள்? வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கடைக்காரரிடம் “இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்டால், “இல்லை” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கொழுப்பை அவர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் கைடு கேட்ட விதமே வேறு. ஒரு நடைபாதை ஓரத்தில் வயதான அம்மா ஒருவர் த்லாக்கோயோ சுட்டுக்கொண்டிருந்தார். நீல மக்காச்சோள மாவை உள்ளங்கையில் தட்டி, நடுவில் மசித்த பீன்ஸ் வைத்து மூடி, இரண்டு முனையும் கூராகப் படகு மாதிரி நீட்டி, சொட்டு எண்ணெய் இல்லாமல் கல்லில் போடுகிறார். கைடு அவரிடம் சைவமா என்று கேட்கவில்லை. பீன்ஸை எதில் வேகவைத்தீர்கள், பிறகு எதிலாவது வதக்கினீர்களா, கொழுப்பு போடும் வேறு ஏதாவது இதே கல்லில் சுடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மா பாத்திரத்தைத் திறந்தே காட்டினார், உப்பும் மூலிகை இலையும் போட்டு வேகவைத்த பீன்ஸ்தான். சுட்டதன் மேலே சப்பாத்திக்கள்ளித் துண்டுகள், வெங்காயம், உதிர்த்த சீஸ், பச்சை மிளகாய்ச் சல்சா. மனைவி நின்ற இடத்திலேயே இன்னொன்று கேட்டு வாங்கினார். மக்காச்சோள ரொட்டியை மடித்து உள்ளே பூசணிப்பூ வைத்த கேசடியாவுக்கும் இதே விசாரணை நடந்தது. கல்லில் சுட்டது வேண்டும், பொரித்தது வேண்டாம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டோம். சீஸ் விஷயத்தில் மட்டும் கைடாலும் உறுதி சொல்ல முடியவில்லை. பாலை உறையவைக்க விலங்கு நொதி சேர்ப்பதும் உண்டு என்பதால், அந்தளவுக்குக் கண்டிப்பாக இருப்பவர்கள் சீஸைத் தவிர்ப்பது நல்லது.

அன்று கேட்ட கேள்விகளை ஸ்பானிஷில் எழுதி வாங்கிக்கொண்டோம். மற்ற நாட்களில் தனியாகச் சுற்ற அதுதான் துணை. தட்டின் மேல் பிளாஸ்டிக் பை மாட்டித் தருவார்கள், சாப்பிட்டதும் பையை மட்டும் கழற்றிப் போட வேண்டும். பல கடைகளில் முதலில் சாப்பிட்டுவிட்டு, எத்தனை டாக்கோ என்று நாமே சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். இந்த நடைமுறைகளும் பிடிபட்டுவிட்டன.

வயிறு கெட்டுவிடும் என்ற பயத்தில் கைடு வைப்பவர்கள் நிறைய. எனக்கு அது பெரிய காரணமாகப் படவில்லை. உள்ளூர்க் கூட்டம் நிற்கும் கடை, கண்ணெதிரே கல்லிலிருந்து எடுத்துத் தரும் பண்டம், மூடி திறக்காத பாட்டில் தண்ணீர் என்று பார்த்துப் போனால் தனியாகவும் சமாளிக்கலாம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு பேரின் அனுபவத்தை வைத்துக் குழந்தைகளுக்கோ வயதானவர்களுக்கோ நான் உத்தரவாதம் தர முடியாது.

தனியாகப் போவது ஜெயிக்கும் இடம் நேரம். தமாலும், மக்காச்சோள மாவில் காய்ச்சும் சூடான பானமான அதோலேயும் காலையில் மெட்ரோ வாசல்களில் கிடைக்கும். அல் பாஸ்டர் இரவில் களைகட்டும். மெதுவாக வேகவைத்த ஆட்டிறைச்சியான பார்பகோவாவுக்கு வாரக்கடைசிக் காலை. எந்த நடையும் இதையெல்லாம் ஒரே நாளில் காட்டிவிட முடியாது. 1935 முதல் நடக்கும் எல் மோரோ கடையில் சுரோ என்ற பொரித்த இனிப்பு மாவுக் குச்சியும் சூடான சாக்லேட்டும் சாப்பிட யார் துணையும் வேண்டாம். மாட்டிறைச்சி சாப்பிடுபவர்கள், 2024இல் உணவகங்களுக்குத் தரப்படும் மிஷ்லின் நட்சத்திரத்தை வாங்கிய எல் கலீஃபா தே லெயோன் என்ற டாக்கோ கடைக்கு நேராகப் போய் வரிசையில் நின்றுவிடலாம். கடற்கரைச் சுற்றுலா நகரமான கன்கூன் பக்கம் இப்படி நடந்து பார்த்ததில்லை, அதனால் இதெல்லாம் தலைநகருக்கு மட்டும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நடைக்குப் பணம் கட்டும் முன் எழுதிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சைவக்காரருக்கு ஒவ்வொரு கடையிலும் மாற்று உண்டா, அல்லது சில இடங்களில் பழச்சாறோடு நிற்க வேண்டியதுதானா? கட்டணம் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான். “சைவம் உண்டு” என்று மொட்டையாகப் பதில் வந்தால் மறுபடி கேளுங்கள். எந்தக் கடையில் எது, எந்த எண்ணெயில் என்று கடை வாரியாகச் சொல்பவரிடம் பணத்தைக் கட்டுங்கள். நடைக்குப் போகும் அன்று காலைச் சாப்பாட்டையும் விட்டுவிடுங்கள்.